வரி கட்டிய பஸ்ரியாம்பிள்ளை

எங்கள் கரையில் ஒருவரை ஒருவர் சபிக்கும்போது, "உனக்குப் பைல் திறக்க" என்று சொல்லும் வழக்கம் சில காலம் இருந்தது. ஊர்காவற்றுறைச் சந்தையில் மீன்காரிகள் சண்டை பிடித்தால் பேதி, பாம்பு, கொள்ளி எல்லாம் தீர்ந்தபிறகு கடைசியாக வருவது இந்தப் பைல்தான். வருமானவரிப் பைல். அந்தச் சாபம் ஊருக்கு வந்தது என் அப்பாவால். எங்கள் கரையில் அப்படிப் பைல் திறக்கப்பட்ட முதல் ஆள் அவர். நான் அறிந்தவரை கடைசி ஆளும் அவர்தான்.

அப்பாவின் பெயர் பஸ்ரியாம்பிள்ளை. தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தும் அவருக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுப்பார். அம்மா வீட்டார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம், பெட்டை கொடுக்கிற நேரத்தில். ஆகவே அவர் மற்றவர்கள் பிடித்த மீனை வாங்கிக் கீறி, உப்புப் போட்டுக் காயவைத்துக் கொழும்புக்கு அனுப்பினார். கரையோரமாக ஒரு வாடி போட்டார். முதலில் கிடுகுக் கொட்டில் ஒன்றுதான், பிறகு ஓடு போட்ட களஞ்சியமும் சீமெந்துத் தொட்டியும் வந்தன. நான் அவருக்கு ஒரே பிள்ளை. பெயர் மாக்கிறேற். வாடி எனக்குச் சீதனம் என்று நான் பிறந்த கிழமையே சொல்லிவிட்டாராம். எங்கள் வீட்டுச் சோறு, அம்மாவின் தாலிக்கொடி, என் கலியாணம் எல்லாம் அந்த வாடியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன.

வரி என்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. ஒல்லாந்தன் தலைவரி எடுத்தான், வெள்ளைக்காரன் மீனுக்குத் தீர்வை எடுத்தான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதெல்லாம் எல்லாருக்கும் பொது. எல்லாரும் சேர்ந்திருந்து திட்டலாம். முப்பத்திரண்டாம் ஆண்டு வெள்ளைக்காரன் கொண்டுவந்த வருமானவரி அப்படியல்ல. அது ஆள் பார்த்து வரும். உன் வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்கு வராது. கொழும்பில் கோட்டுப் போட்டவர்களுக்கும் தேயிலைத் தோட்டக்காரருக்கும் உரிய வருத்தம் அது, தீவுக்குக் கடல் தாண்டி வராது என்றுதான் எங்கள் சனம் நினைத்துக்கொண்டிருந்தது.

ஐம்பத்தேழாம் ஆண்டு அது வந்தது. கொழும்பில் அப்பாவிடம் கருவாடு வாங்குகிற முதலாளியிடம் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் அப்பாவின் பெயர் இருந்திருக்கிறது. நீளமான ஒரு மண்ணிறக் கடித உறை, உள்ளே முழுக்க இங்கிலீசு. தெருவே எங்கள் முற்றத்தில் வந்து கூடிவிட்டது. அப்பாவின் பெரியம்மா மகன் அம்புறோஸ், இரண்டு வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி, கடிதத்தை அடுப்பில் வைத்துவிட்டு அப்படி ஒரு ஆள் இந்தத் தீவில் இல்லை என்று சொல்லிவிடச் சொன்னார். எல்லாரும் அதுதான் புத்தி என்றார்கள். அப்பா மட்டும் அடுத்தநாள் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினார்.

அங்கே பெரியகடைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் அப்புத்துரையர் என்று ஒருவர் இருந்தார். வியாபாரிகளுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். அவர் அப்பாவை இருத்தி வைத்து எல்லாம் விசாரித்தார். எங்கள் கரையில் மீன் பட்டால் பங்கு பிரிக்கிற முறை ஒன்று உண்டு. வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆட்களுக்குத் தனித்தனிப் பங்கு, எல்லாம் போக அந்தோனியாருக்கு ஒரு பங்கு. அப்பா கருவாட்டு வியாபாரத்திலும் அதே முறையைத்தான் வைத்திருந்தார். அதை ஒளிக்காமல் சொன்னார். வரிக் கந்தோரில் இருந்த துரை கணக்கைப் பார்த்துவிட்டு, இந்தப் பங்காளி அந்தோனி எங்கே இருக்கிறார், அவருக்குத் தனிப் பைல் உண்டா என்று கேட்டாராம். அப்பா கோயிலைப் பற்றி விளக்கியிருக்கிறார். துரை சிரிக்கவில்லை. அந்தோனியாரின் பங்கையும் அப்பாவின் வருமானத்தோடு சேர்த்து வரி போட்டார். புனிதருடைய வருமானத்துக்கும் வரி கட்டின ஆள் நான்தான் என்று அப்பா பெருமையாகச் சொல்லித் திரிந்தார். விசர் மனிசன்.

அதற்குப் பிறகு அப்புத்துரையர் அவருக்குப் பல வித்தைகள் சொல்லிக் கொடுத்தார். கோயிலுக்குக் கொடுப்பதென்றால் சுவாமியாரிடம் பற்றுச்சீட்டுத் துண்டு வாங்கு. லொறிக்கும் தராசுக்கும் வருசா வருசம் தேய்மானம் கழிக்கலாம், களஞ்சியத்துக்கும் கழிக்கலாம். பங்குனி முடிவில் களஞ்சியத்தில் இருக்கிற கருவாட்டை நிறுத்து எழுது. இந்த நிறுத்து எழுதுகிறதில் ஒரு வருசம் பெரிய இழுபறி. பங்குனியில் நிறுத்த கருவாடு வைகாசியில் விற்கும்போது நிறை குறைந்திருந்தது. மிச்சம் எங்கே, களவாக விற்றீரா என்று துரை கேட்டார். கருவாடு காயக் காய நிறை குறையும் என்பது கொழும்பில் படித்த அந்த மனிதருக்குத் தெரியாது. அப்பா ஒரு சாக்குக் கருவாட்டைக் கந்தோருக்கே கொண்டுபோய்விட்டார். இரண்டு நாள் கந்தோர் நாறியது, அதோடு அந்தக் கேள்வி நின்றது.

ஐம்பத்தொன்பதில் அரசாங்கம் செலவு வரி, சொத்து வரி, நன்கொடை வரி என்று கண்டறியாத வரிகள் எல்லாம் கொண்டுவந்தது. அவை எங்களைப் போன்ற ஆட்களைத் தொடவில்லை, ஆனால் அப்புத்துரையர் உசாராகிவிட்டார். வியாபாரத்தை உடைத்துவிடும், பாதியைத் தம்பி முறையான ஆட்களின் பெயரில் எழுதும், பங்காளிகள் கூடக்கூட ஆளுக்கு ஆள் வருமானம் குறையும், வரியும் குறையும் என்றார். சட்டத்துக்குள் நின்றே செய்யலாம், கொழும்பில் பெரிய கொம்பனிகள் எல்லாம் செய்கிறார்கள் என்றார். அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டார். வேலை செய்யாதவனைப் பங்காளி என்று எழுதுவது அவருக்குச் சரியாகப் படவில்லை. அவருடைய நியாயம் வேறு. பெயர் பதிந்து, வரி கட்டி, துண்டும் கையில் இருந்தால் பிறகு ஒருவருக்கும் பயப்படத் தேவையில்லை. அரசாங்கத்துக்கு என்னைத் தெரியும், எனக்கு அரசாங்கத்தைத் தெரியும் என்பார். ஞானஸ்நானத் துண்டு இருக்கிறவனைச் சுவாமியார் சேமக்காலையில் புதைக்க மாட்டேன் என்று சொல்லலாமா என்று கேட்பார்.

ஊரும் அவரை அந்தக் கண்ணோடுதான் பார்த்தது. பைல் என்றால் வெறுப்பு, ஆனால் பைல் உள்ள ஆள் என்றால் மரியாதை. கந்தோர் அலுவல் எதுவானாலும் பஸ்ரியாம்பிள்ளை அண்ணையிடம் போ என்பார்கள். எங்கள் கரையில் வங்கிக்குப் போகிற பழக்கம் கிடையாது. வலை நல்லாய்ப் பட்ட காலத்தில் சேர்கிற காசை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைத்து, பெருநாளுக்கோ கலியாணத்துக்கோ வாங்குவார்கள். எங்கள் அப்பு காலத்திலும் அதுதான் முறை. ஓலைவீட்டில் காசு வைத்தால் நெருப்புக்கும் பயம், குடிகாரப் புருசனுக்கும் பயம். அந்தக் காசெல்லாம் எங்கள் வீட்டு அலுமாரியில் முடிச்சு முடிச்சாய் இருந்தது. முடிச்சுத் துணியின் நிறத்தைப் பார்த்தே இது இன்னாருடையது என்று அம்மா சொல்லுவார். நெடுந்தீவில் மாடு வளர்க்கிற அன்னமுத்து என்ற கைம்பெண் மோட்டார் லோஞ்சில் நெய் கொண்டுவந்து சந்தையில் விற்றுவிட்டு, அந்தக் காசையும் எங்களிடம்தான் விட்டுப் போவார். அவர் சைவக்காரி, எங்களுக்கு இனமும் இல்லை சனமும் இல்லை. அவருடைய முடிச்சு மஞ்சள் துணி.

எழுபதாம் ஆண்டு ஐப்பசிக் கடைசியில் ரேடியோவில் சொன்னார்கள். ஐம்பது ரூபாய் நோட்டும் நூறு ரூபாய் நோட்டும் இனிச் செல்லாது, குறித்த நாளுக்குள் வங்கியில் ஒப்படைத்துவிட வேண்டும், கனக்கக் காசு கொண்டுவருகிறவர்கள் அது எங்கிருந்து வந்தது என்று எழுதித் தரவேண்டும். கறுப்புப் பணக்காரரைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். எங்கள் தீவில் கறுப்புப் பணக்காரரை எங்கே தேடுவது? ஆனால் எழுதித் தரவேண்டும் என்ற சொல்லோடு கரையே கலங்கிப்போனது. எழுதினால் பெயர் கந்தோருக்குப் போகும். பெயர் போனால் பைல் திறப்பார்கள். ஒன்றிரண்டு பேருக்கு இந்தியாப் பக்கத்து அக்கரையிலிருந்து களவாகப் புடைவை கொண்டுவந்து விற்ற காசும் கலந்திருந்தது, அது எல்லாருக்கும் தெரிந்த விசயம். மற்றவர்கள் காசெல்லாம் உப்புத் தண்ணீரில் நின்று உழைத்த காசு. ஆனால் பயம் எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது.

வந்தார்கள். வாடை மழையில் நனைந்துகொண்டு சீலைக்குள் ஒளித்து, கடகத்துக்குள் மீனுக்குக் கீழே வைத்து, பஞ்சுத் தலையணைக்குள் திணித்துக் கொண்டுவந்தார்கள். எங்களிடம் கொடுத்து வைத்தவர்கள் மட்டுமல்ல, தங்கள் வீட்டுக் கூரைக்குள் செருகி வைத்தவர்களும் வந்தார்கள். அம்புறோஸ் பெரியப்பா அரிக்கன் லாம்புப் பெட்டி நிறையக் கொண்டுவந்தார். எல்லாரும் ஒரே கதைதான் சொன்னார்கள். உமக்குத்தான் பைல் இருக்கே, இனி என்ன புதிதாய்த் திறக்கப்போறாங்கள்.

அம்மாவின் பெயர் கத்தரீனா. வாய்க்காரி, ஆனால் அன்று மெதுவாகத்தான் சொன்னார். "இஞ்சை பாருங்கோ, ஊரின்ரை பாவமெல்லாத்தையும் ஒரு ஆளின்ரை பேரிலை எழுதாதேங்கோ. அவையவை தங்கடையைத் தாங்கள் கொண்டுபோகட்டும்."

அப்பா கேட்கவில்லை. கணக்கை ஒழுங்காகக் காட்டுகிறவனிடம் ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று உண்மையாகவே நம்பினார். பதின்மூன்று வருசம் துண்டு துண்டாய் வரி கட்டிச் சேர்த்த நம்பிக்கை அது. பாடுபட்ட சனம், பெண்டுகள் வங்கியைக் கண்ணாலும் கண்டதில்லை, நோட்டுக் கடதாசியாய்ப் போனால் எங்கே போவார்கள் என்று திருப்பிக் கேட்டார். உரப்பையில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டிப் போய், எல்லாவற்றையும் தன் பெயரில் வங்கியில் போட்டார். அது எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் ‘வியாபாரமும் ஊரார் தந்ததும்’ என்று எழுதினார். ஊரார் யார் யார் என்று எழுதவில்லை. எழுதமாட்டேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வங்கி கொஞ்சக் காசைத்தான் புது நோட்டாகக் கொடுத்தது. மிச்சத்தை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்தது. நத்தார் நெருங்கிக்கொண்டிருந்தது. சனம் முற்றத்தில் வந்து நின்று அலுமாரியைப் பார்த்தது. அப்பா பொறுக்கச் சொல்லியிருக்கலாம். அவர் வியாபாரத்துக்கென்று வைத்திருந்த முதலை எடுத்து, கொழும்பு முதலாளியிடம் முன்பணமும் வாங்கி, ஒருவர் மிச்சமில்லாமல் எல்லாருக்கும் கொடுத்து முடித்தார். பாதி வீடுகளுக்கு என்னிடம்தான் கொடுத்து அனுப்பினார். அன்னமுத்துவுக்கு லோஞ்சுக்காரன் மூலம் அனுப்பினார். அந்த நத்தாருக்கு எங்கள் வீட்டுக்கு வந்த பலகாரத்தை வைக்கக் குசினியில் இடமில்லை. அப்பா வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு போகிறவர் வருகிறவர் சொல்லும் நன்றியை வாங்கிக்கொண்டிருந்தார். அவரை அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

எனக்குப் பக்கத்து ஊரான சுருவிலில் ஒரு மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. தபால் கந்தோரில் வேலை. வாடியும் வீடும் சீதனம், அடுத்த ஆவணியில் கலியாணம். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

சித்திரை கழிந்து மண்ணிற உறை வந்தது. வங்கியில் கிடக்கிற காசு இவ்வளவு, நீர் வருசா வருசம் காட்டிய வருமானம் இவ்வளவு, இரண்டும் பொருந்தவில்லை, விளக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அப்புத்துரையர் கடிதத்தை வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். விளக்கமில்லாத காசு முழுவதையும் ஒளித்த வருமானம் என்று எடுப்பார்கள், அதற்கு வரியும் தண்டமும் போடுவார்கள். அதோடு நிற்காது. இந்த வருசம் ஒளித்தவன் முந்தின வருசமும் ஒளித்திருப்பான் என்று பழைய பைல்களையும் கிண்டுவார்கள். தப்ப ஒரே வழிதான் இருக்கிறது என்றார். காசுக்கு உரியவர்கள் வந்து, இது என்னுடையது, இவர் மாற்றித் தந்தார், நான் திரும்ப வாங்கிவிட்டேன் என்று சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும். எல்லாரும்கூட வேண்டாம், பாதிப்பேர் வந்தாலே போதும்.

அப்பா அன்றே வீடு வீடாகப் போகத் தொடங்கினார். தன்னோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார், பெட்டையைக் கண்டால் இரங்குவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு வீட்டில் மனிசன் கடலுக்குப் போய்விட்டார் என்றார்கள், அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. ஒரு வீட்டில் தேத்தண்ணீர் தந்து அழுதார்கள், கடதாசி என்றதும் கைவிரித்தார்கள். இன்னொரு வீட்டில் எந்தக் காசு என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன், அப்பா என் கையைப் பிடித்து அமத்தினார். கையில் காசு வந்து சேர்ந்தவனுக்குக் கந்தோர் வாசலில் என்ன அலுவல்? அப்பா மட்டும் பொறுத்திருந்து கொடுத்திருந்தால், அந்தக் காசை எடுக்கவாவது இவர்கள் வந்திருப்பார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

அம்புறோஸ் பெரியப்பா கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"தம்பி, உனக்கு ஒரு பைல் இருக்கு. எனக்கு இல்லை. ஒரு வீடு எரியேக்கை பக்கத்து வீட்டையும் ஏன் கொளுத்துவான்?"

"காசு உங்கடை அண்ணை."

"ஓம், என்ரைதான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மேலை இருக்கிறவருக்கும் தெரியும். அது காணாதோ?"

விசாரணை நாளன்று ஒருவரும் வரவில்லை. அப்பாவும் அப்புத்துரையரும் நானும் கந்தோரின் நீட்டு மர வாங்கிலில் இருந்தோம். பிறகு வாசலில் அன்னமுத்து வந்து நின்றார். யார் சொல்லித் தெரிந்ததோ, லோஞ்சில் வந்து, பஸ் மாறி, ஈரச் சீலையோடு அந்த மனிசி வந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தோனியாரே அனுப்பினார் என்று அப்பா முணுமுணுத்தார்.

துரை முன்னால் அன்னமுத்து கொஞ்சமும் தடுமாறவில்லை. அது மாடு விற்ற காசு, நெய் விற்ற காசு, இவரிடம் கொடுத்து வைத்தேன், மாற்றித் தந்தார், என் கையில் வந்து சேர்ந்தது என்று சொல்லிப் பெருவிரல் அடையாளம் வைத்தார். துரை கெட்ட மனிதரல்ல, இதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதினார். அன்னமுத்துவின் காசை அப்பாவின் கணக்கிலிருந்து கழித்தார். பிறகு பேனையை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"இந்த மனிசி நெடுந்தீவிலையிருந்து கடல் தாண்டி வந்திருக்கிறா. மற்ற ஆக்கள் எல்லாம் உம்முடைய பக்கத்து வீடு எண்டு சொல்லுறீர். அவை உண்மையிலை இருந்தால் ஏன் வரேல்லை?"

அந்த மனிசி மட்டும் வராமல் இருந்திருந்தால், தீவுச் சனம் பயந்த சனம், வராது என்று அப்பா சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்ல வந்த ஒரே ஆள், மற்றக் கதையெல்லாம் பொய் என்று காட்டிவிட்டுப் போனார். அது அவருக்குத் தெரியாது. எல்லாம் சரி வந்துவிட்டது என்று நினைத்து, பின்னேர லோஞ்சுக்கு ஓடிவிட்டார்.

அப்புத்துரையர் விடவில்லை. இன்னொரு தவணை கேட்டார். பெயர்களைச் சொல்லும், கந்தோரே அவர்களைக் கட்டளை போட்டுக் கூப்பிடட்டும் என்று அப்பாவை நெருக்கினார். அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். வாக்கு மண்ணாய்ப் போகட்டும், பிள்ளையைப் பாருங்கோ என்றார். அப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டுப் பெயர்களைச் சொன்னார். முதல் பெயர் அம்புறோஸ்.

அவர் வந்தார். கலியாண வீட்டுக்கு உடுக்கிற சேட்டுப் போட்டிருந்தார். வேதப் புத்தகத்தில் கைவைத்து உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தார். பிறகு துரை கேட்டார், பஸ்ரியாம்பிள்ளையிடம் நோட்டுக் கொடுத்து மாற்றினீரா என்று.

"நான் கடலுக்குப் போறவன் ஐயா. என்னட்டை நூறு ரூபா நோட்டு எங்காலை? நான் இவரிட்டை ஒண்டும் குடுக்கேல்லை."

துரை அடுத்த பெயரைப் பார்த்தார். வெளியே வாங்கிலில் எங்கள் தெரு ஆட்கள் வரிசையாக இருந்தார்கள். எல்லாருடைய கழுத்திலும் செபமாலை. அப்பா எழும்பினார்.

"போதும் ஐயா. மற்ற ஆக்களைக் கூப்பிட வேண்டாம். காசு என்ரை எண்டே எழுதுங்கோ."

அப்புத்துரையர் அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்தார். நான் அப்பா, அப்பா என்று கத்தினேன். துரை இரண்டு முறை கேட்டார், யோசித்துத்தான் சொல்லுகிறீரா என்று. ஓம் என்றார். எழுதினார்கள். கையெழுத்து வைத்தார்.

பஸ்ஸில் வரும்போது வாயில் வந்ததெல்லாம் சொல்லி அவரைத் திட்டினேன். என் வாழ்க்கையை ஒரு கையெழுத்தில் முடித்துவிட்டீர்கள் என்றேன். மண்டைதீவு தாண்டியபிறகு அப்பா சொன்னார்.

"அம்புறோசின்ரை கை புத்தகத்திலை இருந்து நடுங்கினதைக் கண்டனியே, பிள்ளை? மிச்சப் பேரையும் அப்பிடிப் பொய்ச் சத்தியம் பண்ணவைக்க என்னாலை ஏலாது."

அவர்களுடைய ஆன்மாவைக் காப்பாற்றினாராம். எங்களை யார் காப்பாற்றுவது என்று கேட்டேன்.

வங்கியில் கிடந்த காசு வரிக்கும் தண்டத்துக்கும் போனது. பழைய வருசங்களையும் திறந்தார்கள். களஞ்சியத்தில் நிறை குறைந்த கருவாடுகூட இப்போது களவாக விற்றதாகிவிட்டது, ஒளித்தேன் என்று தானே ஒப்புக்கொண்டவன் சொல்வதை யார் நம்புவார்கள்? கொழும்பு முதலாளி முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார், அதற்கு வீட்டையும் வளவையும் விற்றோம். சுருவில் ஆட்கள் ஆள் அனுப்பினார்கள், மரியாதையாகத்தான் அனுப்பினார்கள், வேறு இடம் பார்க்கச் சொல்லி. கடைசியில் அரசாங்கம் வாடியை ஏலத்தில் விட்டது.

வாடியை எடுத்தது அம்புறோஸ் பெரியப்பாதான். எந்தக் காசில் எடுத்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை. தன் பெயரில் எழுதவில்லை. பாதியை மனைவி ஞானசவுந்தரியின் பெயரிலும் மிச்சத்தை இரண்டு பெடியன்களின் பெயரிலும் பிரித்து எழுதினார். அப்புத்துரையரிடம் காசு கொடுத்துப் புத்தி கேட்டுத்தான் அப்படிச் செய்தார். சட்டத்துக்குள் நின்று செய்தது. அவருக்கு இன்றுவரை பைல் இல்லை.

அப்பா அந்த வாடியிலேயே நாட்கூலிக்கு மீன் கீறப் போனார். வேறு தொழில் தெரியாது. நாங்கள் வாடகைக் கொட்டில் ஒன்றில் இருந்தோம், நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தேன். இவ்வளவும் நடந்தபிறகாவது ஊர் வெட்கப்பட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். முதல் இரண்டு வருசம் வெட்கப்பட்டது, எங்களைக் கண்டால் குனிந்துகொண்டு போனது. ஆனால் எத்தனை காலத்துக்குத்தான் மனிசர் குனிந்து நடப்பார்கள்? மெல்ல மெல்ல வேறு கதை வந்தது. அவரே துரைக்கு முன்னால் தன்ரை காசு என்று சொன்னவரல்லோ. கையெழுத்தும் வைத்தவரல்லோ. நல்லவர் போல இருந்து எவ்வளவு ஒளித்திருக்கிறார் பார். அப்பாவின் காதிலும் அது விழுந்தது. மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. சத்தியம் செய்தவர்களைப் பொய்யராக்கக் கூடாது என்ற பிடிவாதம் சாகும்வரை இருந்தது.

எழுபத்தொன்பது மார்கழியில் செத்துப்போனார். ஊர் முழுக்க வந்தது, நன்றாகத்தான் அழுதார்கள். ஞானசவுந்தரி பெரியம்மா பெட்டிக்குப் பக்கத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, காதுக்குள் சொன்னார்.

"அழாதை பிள்ளை. கொப்பர் அந்தக் காசிலை கொஞ்சமெண்டாலும் எங்கையேன் புதைச்சுத்தான் வைச்சிருப்பார். பழைய வளவுக்குள்ளை வடிவாய்த் தேடிப் பார்."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அரிக்கன் லாம்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த புருசனுக்குப் பின்னால் அன்று குடை பிடித்துக்கொண்டு வந்தவர் இவர். ஏளனம் செய்கிறார் என்றுதான் தேடினேன். இல்லை. கண்ணில் உண்மையான கண்ணீர். தன் காசு அது என்பதே அந்த மனிசிக்கு மறந்துபோயிருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கொஞ்ச நாளில், பின்னேரம் தைத்த சட்டைகளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா பழைய வளவுப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அது இப்போது வேறு ஆட்களுடையது, வேலி விழுந்து கிடந்தது. அம்மா கிணற்றடிக்குப் பின்னால் முழங்காலில் இருந்து அலவாங்கால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று குழிகள் கிடந்தன. கை தோலுரிந்து இரத்தம் வந்திருந்தது. அலுமாரி முடிச்சு ஒவ்வொன்றையும் நிறம் சொல்லிச் சொல்லி அப்பாவிடம் எடுத்துக் கொடுத்த கை.

"என்னம்மா செய்யிறியள்?"

அம்மா நிமிரவில்லை. "எல்லாரும் சொல்லுகினம், பிள்ளை. ஒருக்கால் பாத்தால் என்ன?"

ஒவ்வொரு முடிச்சும் யார் வீட்டுக்குப் போனது என்று எனக்குத் தெரியும். நான்தானே பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மாவால் இனிக் கிண்ட ஏலாது என்று தெரிந்தது, அலவாங்கைக் கையிலிருந்து வாங்கினேன். வாங்கியதை எறிந்துவிட்டு அம்மாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். நான் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதே குழிக்குள் இறங்கினேன். அடியில் உப்புத் தண்ணீர் ஊறி வரும்வரை கிண்டினேன்.